சுவைப்போரும் சீவுவோரும்

சுவை ஆறு என்று வகுத்தார்கள் நம் முன்னோர். இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, உவர்ப்பு, துவர்ப்பு என்னும் இவற்றுள் எதனையும் நூலைப் படித்து ஒருவன் அறிந்துகொள்ள இயலாது. வேம்பின் கைப்பைப் பற்றி நூறு பக்கம் எழுதினாலும், ஓரிலையை மென்றவன் அறிவதை அந்நூறு பக்கமும் அறிவிக்கமாட்டா. சுவையைப் பொறுத்தவரையில் நாவே ஆசிரியன், நாவே பரீட்சகன். அவ்வாசிரியனிடத்தில் நெடுங்காலம் பயின்றவர்கள் ஓரிடத்திற் கூடித் தத்தம் அறிவை ஒப்பிட்டுப் பார்க்கும்போது அங்கே ஒரு கல்வி நிகழ்கின்றது. அக்கல்வியைப் பற்றியும், அதனால் ஒரு தொழிலுக்கு விளையக்கூடிய நன்மையைப் பற்றியும் இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகின்றேன்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கள். பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேசுவதற்கு இது தக்க பொருள்தானா என்று நேயர்களுட் சிலர் ஐயுறக்கூடும். திருக்குறளிலே கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே உண்டு என்பதை நான் மறந்தேனல்லேன். வகுப்பிலே அதனைக் கற்பித்தும் வருகின்றேன். குடியை வளர்ப்பது என் நோக்கமன்று. ஆயினும், முல்லைத்தீவு மாவட்டத்திலே பனையும் தென்னையும் நிரையாய் நிற்கும் ஊர்களுக்கிடையில் வாழும் ஒருவன், தன் கண்முன்னே நிகழும் ஒரு தொழிலையும், அதனைச் சூழ்ந்து வளர்ந்த ஓர் அறிவையும் கண்டும் காணாதவன் போல் இருத்தல் முறையாகாது.

வன்னியிலே காலபோக நெல் அறுவடை தை, மாசி மாதங்களை ஒட்டி நிகழும். பனையிற் பாளை சீவத் தொடங்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. முள்ளியவளை, தண்ணீரூற்று, குமுழமுனை, அளம்பில், புதுக்குடியிருப்பு முதலிய ஊர்களைச் சேர்ந்த முதியவர்கள் வேலை முடிந்த மாலைப்பொழுதில் வயற்கரையிலே கூடினால், பேச்சு மழையிலே தொடங்கும். நெல்லின் விலைக்குச் செல்லும். முடிவிலே கள்ளிலே வந்து நிற்கும். அப்பேச்சை ஒதுங்கி நின்று கேட்டிருக்கின்றேன்.

“அண்ணை, இது கடற்கரைப் பக்கத்துப் பனை. உப்புக்காத்துப் பட்ட மரத்துக்குத்தான் இந்தக் கரகரப்பு வரும்” என்பார் ஒருவர். “இல்லைத் தம்பி, மரத்தில ஒண்டுமில்லை. முட்டியைப் பார். நல்லாய் ஊறின பழைய முட்டி” என்பார் மூத்தவர். மூன்றாமவர் இருவரையும் மறுப்பார். மரமும் முட்டியும் எல்லாருக்கும் பொதுவானவை. சீவினவரின் கையே சுவைக்குக் காரணம் என்பது அவர் கட்சி. தர்க்கம் வளரும். ஒருவர் கூற்றை மற்றவர் எளிதில் ஏற்பதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் கூற்றுக்குச் சான்று காட்டுவர். இன்ன ஆண்டில், இன்ன தோட்டத்தில், இன்ன மரத்தின் கள் இன்னவாறு இருந்தது என்று நினைவிலிருந்து எடுத்துரைப்பர். நம்முடைய மேல்வகுப்பு மாணவர் விவாத மேடையிலே கற்கவேண்டிய ஒழுங்கு இவர்களிடத்தில் இயல்பாகவே அமைந்திருக்கின்றது.

இவர்கள் பகுத்துணரும் வகைகளைக் கேளுங்கள். ஆண்பனைக் கள் வேறு, பெண்பனைக் கள் வேறு, தென்னங்கள் வேறு. காலையில் இறக்கியது வேறு, மாலையில் இறக்கியது வேறு. இறக்கியவுடன் உள்ள இனிப்பு ஒன்று. சில நாழிகை சென்றபின் தோன்றும் விறுவிறுப்பு மற்றொன்று. மறுநாட் புளிப்பு இன்னொன்று. பல மரத்துக் கள்ளை ஒன்றாய்ச் சேர்த்தது ஒருவகை. ஒரே மரத்திலிருந்து இறக்கிய ஒருமரத்துக் கள் இன்னொருவகை. பின்னதனை நோயுற்று மெலிந்தவர்க்கு மருந்துபோல் அளவாய்க் கொடுத்த வழக்கமும் முன்னாளில் இருந்தது. பனையோலையை மடித்துக் கோலிய பிளாவிலே வார்த்தால் பச்சை ஓலையின் வாசம் கள்ளோடு சேரும். கண்ணாடிக் குவளையிலே அது கிட்டாது என்பதும் அவர்கள் கணிப்பு. இத்தனை வேறுபாடுகளையும் குறிக்க அவர்களிடம் சொற்கள் உள. அச்சொற்களிற் பெரும்பாலானவை எந்த அகராதியிலும் ஏறாதவை.

இவ்வேறுபாடுகள் வெறுங் கற்பனையல்ல என்பதை அறிவியலும் ஒப்புக்கொள்ளும். பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லியதாய்ச் சீவும்போது சொட்டுகின்ற சாற்றிலே நூற்றுக்கு ஏறத்தாழ 12 முதல் 15 பங்கு சர்க்கரை உண்டு. முட்டியில் விழுந்த கணத்திலிருந்தே காற்றிலும் முட்டியின் சுவரிலும் தங்கியிருக்கும் மதுவம் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையை உண்டு மதுசாரமாக்கத் தொடங்குகின்றது. அதனோடு வேறு பற்றீரியாக்களும் சேர்ந்து புளிப்பையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. ஒருநாள் கழிந்தால் அது வினாகிரியாகும் வழியிலே செல்லும். ஆகவே மரத்தின் இயல்பு, முட்டியின் பழமை, வெயிலின் கடுமை, இறக்கிய நேரம், சீவிய கத்தியின் கூர்மை ஆகிய யாவும் சுவையிலே தம் சுவட்டைப் பதிக்கவே செய்யும். வயற்கரையில் வாதிட்ட மூவரும் ஒருவகையில் உண்மையையே உரைத்தார்கள்.

முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிவிட்டால் நொதித்தல் தடைப்படும். அப்போது கிடைப்பது கருப்பநீர். நம் பேச்சுவழக்கிலே கருப்பணி. அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு குறைந்தாற் புளிக்கும். மிகுந்தாற் சுவை கெடும். எவ்வளவு என்பதற்கு அளவுகோல் கிடையாது. கையின் பழக்கமே அளவுகோல். இறக்கியதை வடிக்கப் பயன்படுவது பன்னாடை. நன்னூலார் கடைமாணாக்கனுக்கு உவமையாய்ச் சொன்ன நெய்யரி இதுவேயாம். நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் இயல்பினால் மாணாக்கருக்கு அது இழிவுவமையாயிற்று. கள் வடிப்பவருக்கோ அவ்வியல்பே பேருதவி! இன்ன பொருள் நல்லது, இன்ன பொருள் தீயது என்பது அதனைப் பயன்படுத்தும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி, நம் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு செய்தியைச் சொல்லுகின்றேன். பியர் என்பது தானியத்தின் கள். வாற்கோதுமையை முளைகட்டி, உலர்த்தி, நீரிலே ஊறவைத்து, அச்சாற்றை ஹொப் என்னும் ஒருவகைக் கொடியின் பூவோடு காய்ச்சி, மதுவம் இட்டு நொதிக்கச் செய்வது. இத்தகைய வித்தை தமிழர்க்கும் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே, அரிசிக் கூழை ஆற்றிச் சாடியிலிட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவைத்து, விரலால் அலைத்து வடிக்கும் நறும்பிழியைப் பற்றிய விரிவான குறிப்பு வருகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அச்செய்முறையை அடுக்களையில் நின்று பார்த்தவர்போற் சொல்லியிருக்கின்றார்.

அமெரிக்காவிலே 1920ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அது நீங்கியபின் சில பெரிய நிறுவனங்களே வலுப்பெற்றன. அவை நாடெங்கும் ஒரே நிறமும் ஒரே சுவையும் கொண்ட பியரையே பெருமளவிற் செய்து விற்றன. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த சிறிய சாலைகள் ஒவ்வொன்றாய் மூடுண்டன. 1970களின் இறுதியில் அப்பெரிய தேசம் முழுவதிலும் எஞ்சிய பியர்ச் சாலைகள் நூற்றுக்கும் குறைவு.

அந்நிலையை மாற்றியவர்கள் சுவைப்போரே. 1965ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கர் என்னும் பழைய பியர்ச் சாலை மூடப்படப்போகின்றது என்று ஓர் இளைஞர் கேள்வியுற்றார். அவர் பெயர் ஃபிரிட்ஸ் மேட்டாக். தாம் விரும்பி அருந்திய பியர் இனிக் கிடையாது என்பதைப் பொறாது, அச்சாலையின் பங்குகளை அவரே வாங்கினார். 1975இல் அச்சாலையில் காஸ்கேட் என்னும் புதிய அமெரிக்க ஹொப் வகையைக் கொண்டு ஒரு பியர் வடிக்கப்பட்டது. தோடையினப் பழத்தோலை நசுக்கினாற் போன்ற மணம் அதற்கு உண்டு. 1976இல் கலிபோர்னியாவின் சோனோமாவிலே ஜாக் மக்காலிஃப் என்பவர் நியூ ஆல்பியன் என்ற சிறுசாலையைத் தொடங்கினார். அது 1982இல் மூடப்பட்டதாயினும், பின்வந்தோர் பலருக்கு அதுவே முன்மாதிரி. 1980இல் சிக்கோ நகரிலே சியரா நெவாடா தோன்றியது.

இவற்றுக்கிடையே 1978ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. வீட்டுத் தேவைக்காகப் பியர் வடித்தல் குற்றமன்று என அது விதித்தது. அதன்பின் அடுக்களைகளிலும் வண்டிக் கொட்டில்களிலும் பியர் வடித்தவர்கள் தத்தம் ஆக்கங்களை ஒருவருக்கொருவர் கொடுத்துச் சுவைத்து ஒப்பிடலாயினர். 1982இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலே பியர்களை ஒருங்கே வைத்துச் சுவைக்கும் விழாவொன்று தொடங்கியது. 1985இல் நடுவர்களைப் பயிற்றிச் சான்றிதழ் வழங்கும் அமைப்பும் ஏற்பட்டது. இன்று அந்நாட்டின் பியர்ச் சாலைகள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சிறுசாலைகள். அவை வடிப்பதைக் கைவினைப் பியர் என்பர். அவற்றிலே பெரிதும் விரும்பப்படும் வகைகளுள் ஒன்றின் பெயர் இந்தியா பேல் ஏல் என்பதாம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய, ஹொப் மிகுந்த கைப்பான பியரின் வழிவந்த பெயர் அது.

அந்நடுவர்கள் புள்ளியிடும் முறை ஆசிரியனாகிய என் கவனத்தைப் பெரிதும் கவர்ந்தது. மொத்தப் புள்ளி 50. அதில் சுவைக்கு 20; மணத்துக்கு 12; வாயிலே பரவும் தன்மைக்கு 5; தோற்றத்துக்கு வெறும் 3; முழுமையான மதிப்பீட்டுக்கு 10. நிறத்தையும் நுரையையும் கண்டு மயங்காதே, நாவையும் மூக்கையும் கேள் என்பது இதன் உட்கிடை. மேலும், நடுவர் புள்ளியோடு நில்லாது காரணத்தையும் எழுதவேண்டும். எங்கே குறை, அது எதனால் நேர்ந்திருக்கலாம், எவ்வாறு திருத்தலாம் என்று வடித்தவருக்கு உரைக்கவேண்டும். நல்ல ஆசிரியன் விடைத்தாளின் ஓரத்திலே எழுதும் குறிப்பு இதுவன்றோ?

சுவைப்போர் ஒப்பிட்டார்கள், ஒப்பிட்டதை எழுதினார்கள், எழுதும்போது வடித்தவர் பெயரையும் ஊரையும் எழுதினார்கள். மேட்டாக் பெயரும், மக்காலிஃப் பெயரும், சியரா நெவாடாவை நிறுவியவர்களுள் ஒருவராகிய கென் குரோஸ்மன் பெயரும் அந்நாட்டுப் பியர் அன்பர்களுக்குத் தெரியும். எங்கோ ஒரு சிற்றூரில் அரும்பாடு பட்டு வடித்தவன், தன் கைத்திறத்தைத் தொலைதூரத்திலே ஒருவன் அடையாளம் கண்டுகொண்டான் என்று அறிந்தால், மறுநாளும் அத்தொழிலைச் செய்ய அவனுக்கு மனம் வரும். இங்கிலாந்தின் மைக்கேல் ஜாக்சன் என்னும் எழுத்தாளர் 1977இல் உலகத்துப் பியர்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். பாடகர் வேறு, இவர் வேறு. நம் நாட்டின் லயன் ஸ்டவுட் என்னும் கரிய பியரை உலகினர் பலர் அறிந்தது இவர் எழுதிப் புகழ்ந்ததனாலேயே. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அத்தகைய மதிப்புகளுக்கும் இவ்வாறான எழுத்துக்களே அடிநிலையாக அமைவன.

புகழ் ஒன்றே காப்பாகிவிடும் என்றும் கருதவேண்டாம். ஆங்கர்ச் சாலை 2017இல் ஒரு பெரிய யப்பானிய நிறுவனத்தின் கைக்குச் சென்றது, 2023இல் மூடப்பட்டது, 2024இலே வேறொருவர் அதனை வாங்கினார். தொழில் நிலைக்க வேண்டுமானால் தொழிலாளிக்கும் அதிலே நிலையான இடம் வேண்டும்.

இனி நம்மூருக்கு மீள்வோம். அமெரிக்கக் கைவினைப் பியருக்கு வயது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் என்றால், நம் கள்ளுக்கு வயது ஆயிரங்களில் எண்ணப்படுவது. வில்லியம் பெர்குசன் என்பவர் 1850ஆம் ஆண்டிலேயே கொழும்பிலிருந்து பனையைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். நம்மவரின் சுவையறிவும் குறைந்ததன்று என்பதை முன்னர்க் கண்டோம். அவ்வாறாயின் அங்கே தழைத்தது இங்கே ஏன் தளர்கின்றது?

போர் ஒரு காரணம். 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற அந்நெடும் போரில் எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகள் எத்தனை! பதுங்குகுழிக்கு மூடியாகத் தறிக்கப்பட்ட பனைகள் எத்தனை! கன்று நட்டு, அது பூத்துப் பாளை விட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். மரம் ஓராண்டிலே மீளாது. மரத்தை அறிந்த முதியவர்களோ மீள்வதே இல்லை. இன்ன பனையின் கள் இன்ன சுவையினது என்று அறிந்திருந்தவர் மறைந்தபோது அவ்வறிவும் அவரோடு மறைந்தது. எழுதிவைத்தாரில்லை.

மற்றொரு காரணம் உண்டு. அதனைச் சொல்லத்தான் நான் இப்பொருளையே எடுத்துக்கொண்டேன். வயற்கரையிலே கள்ளை ஒப்பிட்டவர்கள் மரத்தின் பெயரைச் சொன்னார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். தோட்டக்காரர் பெயரைச் சொன்னார்கள். சீவியவரின் கையைப் புகழ்ந்தவர்கூட அவர் பெயரைச் சொன்னதைக் கேட்டல் அரிது. “அவன் சீவினால் ஒரு தனி ருசி” என்ற அளவோடு பேச்சு நின்றுவிடும். அந்த ‘அவன்’ யார்? அறுபது வயது முதியவராகவும் இருக்கலாம். நாளுக்கு இருமுறை, மார்பிலே தோற்பட்டையும் காலிலே தளநாரும் பூட்டி, அறுபது எழுபது அடி உயரத்துக்கு ஏறுபவர். ஒரு கை தவறினால் அவருக்கு உயிரில்லை. அவர் குடும்பத்துக்குச் சோறில்லை.

நம் சமுதாயம் இத்தொழிலைப் பிறப்போடு கட்டிவைத்து, கட்டிவைக்கப்பட்டவர்களைத் தாழ்த்தியும் வைத்தது. அவர் முற்றத்திலே பிளாவை ஏந்திக் கள் வாங்கிய கை, அவர் வீட்டிலே ஒரு செம்புத் தண்ணீர் வாங்க மறுத்தது. தேநீர்க்கடையிலே அவருக்குத் தனிக்குவளை. கோயிலிலே அவருக்கு வெளிவீதி. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே செல்லும் உரிமைக்காக மக்கள் போராட நேர்ந்தது. கே. டானியல் இக்கொடுமையைப் ‘பஞ்சமர்’ என்னும் நாவலிலே எழுதிவைத்தார். சுவையிலே நுட்பம் பார்த்த நாம் நீதியிலே நுட்பம் பார்க்கவில்லை.

இன்றைய நிலை அன்றுபோல் இல்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. 1970களின் முற்பகுதியிலே சீவல் தொழிலாளருக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்ற பெயரோடு அவை வட மாகாணமெங்கும் தவறணைகளை நடத்தி, இடைத்தரகர் கையிலிருந்து தொழிலாளரை ஓரளவு மீட்டன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. கள்ளைப் போத்தலில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் முயற்சியும் நடைபெறுகின்றது. இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் நம்மவர் அப்போத்தலைத் திறந்து ஊர்க்கள்ளோடு ஒப்பிட்டு, அது போலில்லையே என்று பெருமூச்சு விடுவதும் உண்டு. போத்தலிலே கெடாதிருக்கச் சூடேற்றும்போது மதுவம் அடங்கும். விறுவிறுப்பும் ஓரளவு அடங்கும். இது தவிர்க்க முடியாதது. ஆனால் அப்போத்தலிலே எந்த ஊர்ப் பனை, எந்த மாதத்துக் கள், எவர் சீவியது என்று ஒரு வரி அச்சிடுதல் தவிர்க்கவேண்டியதன்று.

பாடசாலை அனுபவம் ஒன்றைச் சொல்லுகின்றேன். ஒரு பாடசாலையிலே மாணவர் விபரப் படிவத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்திலே ஒரு சிறுவன் ‘கூலி’ என்று எழுதியிருந்தான். அவன் தந்தை ஊரறிந்த சீவல் தொழிலாளி. காரணம் கேட்டபோது அவன் தலைகுனிந்து நின்றானேயன்றி விடை சொல்லவில்லை. சில வாரங்களின் பின் விஞ்ஞான வகுப்பிலே நொதித்தல் பற்றிய பாடம் நடந்தது. மதுவம் எங்கிருந்து வருகின்றது என்று ஆசிரியை வினவியபோது வகுப்பு மௌனமாயிற்று. அச்சிறுவன் எழுந்தான். “ரீச்சர், அப்பா முட்டியை ஒருநாளும் முழுக்கக் கழுவமாட்டார். அடியில கொஞ்ச மண்டி இருக்க விடுவார். புது முட்டியெண்டால் கள் பொங்கப் பிந்தும்” என்றான். பாடநூலிலே ஒரு பக்கத்துக்கு விரிந்த செய்தியை அவன் மூன்று வாக்கியத்திலே முடித்துவிட்டான். ஆசிரியை அவனைக் கரும்பலகையருகே அழைத்து மீண்டும் விளக்கச் சொன்னார். அவன் குரலிலே அதுவரை நாம் கேளாத உறுதி இருந்தது.

அவ்வுறுதியை ஒரு நாளோடு நிறுத்தாது வளர்க்கும் வழி யாது? அச்சிறுவன் பனையேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவன் விரும்பினால் மருத்துவனாகட்டும், பொறியியலாளனாகட்டும். தந்தையின் தொழிலைப் படிவத்திலே எழுதக் கூசாத ஒரு நிலையை உண்டாக்குவதே நம் கடமை. தொழிலுக்கு மதிப்பும் தக்க ஊதியமும் பாதுகாப்பும் இருந்தால், விரும்பி ஏறுபவன் எக்குடியிலும் பிறப்பான். மதிப்பில்லாத இடத்திலே பிறப்பினாலும் எவரையும் நெடுங்காலம் நிறுத்திவைக்க முடியாது, நிறுத்திவைத்தல் நியாயமுமன்று.

இவ்விடத்திலே நேயர்களுள் ஒருவர், அதிலும் தாய்மார் ஒருவர், என்னை மறித்துக் கேட்கக்கூடும்: “அதிபர் ஐயா, சுவை, கைத்திறன் என்று அழகாய்ப் பேசுகின்றீர்கள். குடியினால் அழிந்த வீட்டை நீங்கள் பார்த்ததில்லையா?” பார்த்திருக்கின்றேன். உணவின்றி வகுப்பிலே மயங்கி விழும் பிள்ளையின் வீட்டை விசாரித்தால், பல வேளைகளிலே அங்கே ஒரு குடிகாரத் தந்தை இருக்கின்றார். வன்னியின் காட்டோரங்களிலே காய்ச்சப்படும் கசிப்பு எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்பதையும் அறிவேன். இக்கேள்வியை ஒதுக்கிவிட்டுச் சுவையைப் பற்றிப் பேசுபவன் நேர்மையாளன் அல்லன்.

என் விடை இதுதான். கசிப்பைக் குடிப்பவர் எவரும் அதனை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. எங்கே காய்ச்சியது, எதனாற் காய்ச்சியது என்று வினவுவதுமில்லை. விரைவிலே மயங்கினாற் போதும் என்பதே அவர்தம் வேட்கை. சீனியையும் நீரையும் கலந்து கள்ளென விற்கும் போலி வாணிகம் தழைப்பதும் இத்தகையோரை நம்பியே. சுவையறிந்தவன் நாவிலே போலி நில்லாது; முதல் மிடற்றிலேயே பிளாவைக் கீழே வைத்துவிடுவான். ஆயினும், சுவையறிவு குடிநோய்க்கு முழுக் காப்பு என்று நான் உறுதி கூறமாட்டேன். நன்றாய்ச் சுவையறிந்த சிலரும் அதிலேயே அமிழ்ந்ததுண்டு. நல்ல கள்ளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு மதுசாரம் உண்டு. பியரிலுள்ள அளவே அது. அளவு கடந்தால் எதுவும் நஞ்சே. நம் நாட்டிலே 2006ஆம் ஆண்டின் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர்க்கு மதுவகை எதனையும் விற்றல் குற்றமாகும். அச்சட்டம் நன்று, அதனைக் காப்பது ஊரார் அனைவர்க்கும் கடமை.

ஆனால் சுவையறிவைப் பயில மதுசாரம் இன்றியமையாததன்று. கருப்பநீரிலே மயக்கமில்லை. அதனை ஊர் ஊராய் ஒப்பிடலாம். பனங்கட்டியின் நிறத்தையும், மணத்தையும், நாவிற் கரையும் தன்மையையும் ஒப்பிடலாம். கள் விட்டுப் புளிக்கவைத்த மாவில் வார்த்த அப்பத்தையும், வேறு பொருளிட்டுப் புளிக்கவைத்த அப்பத்தையும் அருகருகே வைத்துச் சுவைத்துப் பாருங்கள். எவர் வீட்டுப் பாட்டியும் கண்ணை மூடிக்கொண்டு வேறுபாட்டைச் சொல்லிவிடுவார். முல்லைத்தீவுக் காட்டுத் தேனிலே எப்பூவின் தேன் எது என்று பகுத்துச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். இவற்றையெல்லாம் மாணவர் நேரிலே சென்று கேட்டு எழுதி வருதல் சிறந்த தமிழ்ப் பயிற்சியும் விஞ்ஞானப் பயிற்சியும் ஆகும்.

ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கின்றேன். முதலாவது, ஒவ்வோர் ஊரிலும் உள்ள சுவைச்சொற்களையும் சீவல் தொழிற் சொற்களையும் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் தொகுக்கட்டும். ஒரு பயிற்சிக் கொப்பியும் பொறுமையும் இருந்தாற் போதும். இரண்டாவது, பனங்கட்டிப் பெட்டியிலும், கருப்பநீர்ப் போத்தலிலும், கள்ளுப் போத்தலிலும் ஊரின் பெயரோடு சீவியவரின் பெயரும், அவர் விருப்பத்தோடு, இடம்பெறட்டும். மூன்றாவது மிக எளியது, செலவே இல்லாதது. ஒப்பிட்டுப் பேசும் பெரியோர்களே, மரத்தின் பெயரைச் சொல்லும்போது அதன்மீது ஏறியவரின் பெயரையும் சொல்லுங்கள். ‘அவன்’ என்பதை விடுத்து ‘அவர்’ என்று சொல்லுங்கள். அவரை அழைத்து அருகிலே இருத்தி, “அண்ணை, இது உங்கட எந்த மரம்?” என்று கேளுங்கள். அத்தொழிலிலே ஐயந்திரிபற விடையளிக்கக்கூடியவர் அவர் ஒருவரே.

நாவினால் நல்லதைத் தெரிந்துகொள்ளும் ஆற்றல் நமக்கு வாய்த்திருக்கின்றது. அந்நல்லதை ஆக்கித் தந்த கையையும் தெரிந்துகொண்டு மதிப்பதோடுதான் அவ்வறிவு நிறைவெய்தும். பனை தன்னை நட்டவர்க்கும் நீரூற்றாதவர்க்கும் ஒப்பப் பயன் தருகின்றது. நாம் நன்றியையேனும் உரியவர்க்கு உரியவாறு செலுத்துவோமாக.